இறக்கி வைத்த எஞ்சினில் கிராங்க் போல்ட் அசையவில்லையா?

எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி வெளியே வைத்துவிட்டால் எல்லா போல்ட்டும் கைக்கு எட்டும், இனி வேலை சுலபம் என்றுதான் முதல் தடவை இறக்குகிறவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலான போல்ட்டுகளுக்கு அது உண்மை. ஒன்றுக்கு மட்டும் நேர் எதிர். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில், பெல்ட் ஓடும் புல்லியைப் பிடித்து நிற்கிற நடு போல்ட்டைத்தான் சொல்கிறேன்.

எஞ்சின் வண்டிக்குள் இருந்தால் டாப் கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்னால் போதும். கிராங்க் சுற்றாது. எஞ்சினும் மவுண்டிங்கில் கட்டுண்டு கிடக்கும். வெளியே எடுத்தபிறகு கியர்பாக்ஸ் இல்லை, சக்கரம் இல்லை, பிரேக்கும் இல்லை. ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் போல்ட்டோடு கிராங்க்கும் சேர்ந்து சுற்றும். கிராங்க்கை எதையாவது கொடுத்து நிறுத்தினால் எஞ்சினே உருளும்.

நான் முதலில் மாட்டிக்கொண்டது ஒரு மாருதி 800 எஞ்சினில். மூன்று சிலிண்டர், 796 சிசி, சின்ன எஞ்சின்தான். ஒரு பழைய டயரின் மேல் உட்காரவைத்திருந்தேன். கிராங்க்கின் பின்முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பல்லில் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நண்பன் பிடித்துக்கொண்டான், நான் ராட்செட்டைப் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும், உள்ளே பல் உள்ள கைப்பிடி) பிடித்து இழுத்தேன். இரண்டு சாயங்காலம் இப்படியே போனது. ராட்செட்டின் உள்பல் உடைந்தது, ஸ்க்ரூடிரைவர் வளைந்தது, கடைசியில் எஞ்சின் டயரிலிருந்து சரிந்து ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் விரிசல் விழுந்தது. மறுநாள் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த ஒரு மூத்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். போல்ட்டை அவர் பார்க்கவே இல்லை. "முதல்ல கிராங்க்கைப் பிடிக்க வழி பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு ஒரு இரும்புப் பட்டையைத் தேடப் போனார். பட்டையை மாட்ட அரைமணி நேரம் ஆனது. போல்ட் ஒரே அமுக்கில் விட்டது.

இந்தக் கட்டுரையின் மையமே அந்தப் பட்டைதான். காரணம், இந்த வேலையில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் பலம் போதாமல் தோற்பதில்லை. போட்ட பலம் போல்ட்டுக்குப் போகாமல் வேறெங்கோ போய்விடுகிறது.

கை வைக்கும் முன்

போல்ட் தலையைச் சுற்றி இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். போல்ட் தலையைச் சுற்றிப் பிடிக்கும் சாக்கெட் அடி வரை போய் உட்கார வேண்டும். மேலோட்டமாகப் பிடித்தால் தலை மழுங்கும்.

வாஷரைப் பாருங்கள். பழைய அம்பாசடர் போன்ற எஞ்சின்களில் போல்ட்டுக்கு அடியில் ஒரு லாக் வாஷர் இருக்கும், அதன் ஓரம் போல்ட் தலையின் பக்கவாட்டில் மடிக்கப்பட்டிருக்கும். உளியும் சுத்தியலும் வைத்து அந்த மடிப்பை நிமிர்த்தாமல் எவ்வளவு இழுத்தாலும் வீண். மேலே கிரீஸ் படிந்திருந்தால் அது கண்ணில் படாது என்பதால்தான் முதலில் தேய்க்கச் சொன்னேன்.

அளவு சரியாக இருக்க வேண்டும். பழைய அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்து வடிவமைப்பு, அதில் இஞ்ச் கணக்கு. ஜப்பான் வழிவந்த வண்டிகளில் மில்லிமீட்டர். 19 மில்லிமீட்டரும் முக்கால் இஞ்சும் ஏறக்குறைய ஒன்றுதான், மாற்றிப் போட்டாலும் தப்பித்துவிடலாம். ஆனால் 17 மில்லிமீட்டர் போல்ட்டில் பதினொன்றின் கீழ் பதினாறு இஞ்ச் சாக்கெட்டைப் போட்டால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். தலையை மழுங்கடிக்க அது போதும். சாக்கெட்டின் உட்புறம் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை உள்ளது போல்ட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும், இந்த மாதிரி இறுகிய இடத்துக்கு அது வேண்டாம்.

அப்புறம் திசை. கிராங்க் போல்ட் அநேகமாக எல்லா வண்டியிலும் சாதாரண வலது மரைதான். எதிரே நின்று பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் இளகும். எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது வேறு விஷயம். பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். 1998இல் இங்கே வந்த முதல் ஹோண்டா சிட்டி போன்ற பழைய ஹோண்டா எஞ்சின்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை, ஆனாலும் போல்ட் வலது மரைதான். சந்தேகம் இருந்தால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். தப்பான பக்கம் முழுப் பலத்தோடு திருப்பிவிட்டால் ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்கியதாகிவிடும்.

எஞ்சினை உட்காரவைப்பது

எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இந்த போல்ட்டில் கை வைக்காதீர்கள். தொங்கும் எஞ்சின் நீங்கள் தள்ளும் பக்கமெல்லாம் ஆடும், கொக்கி நழுவினால் காலில் விழும்.

நம் பட்டறைகளில் எஞ்சினை டயர் மேல் வைப்பது வழக்கம். அடியில் எண்ணெய் நிற்கும் தட்டான சம்ப் நசுங்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் டயர் ரப்பர். நீங்கள் கொடுக்கும் அமுக்கில் ஒரு பங்கை அது வாங்கி, அமுங்கி, திருப்பிக் கொடுத்துவிடும். இந்த ஒரு வேலைக்காவது டயரை எடுத்துவிட்டு, எஞ்சினின் முக்கிய உடலான பிளாக்கின் இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து உட்காரவையுங்கள். கட்டை பிளாக்கின் வார்ப்புப் பாகத்தில் தாங்க வேண்டும். சம்ப் வெறும் தகரம், எடை அதன்மேல் இறங்கக்கூடாது. எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதீர்கள், சரிந்தால் ஒதுங்க இடம் இருக்கட்டும்.

எஞ்சின் ஸ்டாண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பிளாக்கை கியர்பாக்ஸ் முகத்தில் பிடிக்கிறது, அதனால் ஃப்ளைவீலுக்கு வழி மறைந்துவிடும். முடிந்தால் எஞ்சின் தரையில் இருக்கும்போதே கிராங்க் போல்ட்டை இளக்கிவிட்டு, அதன்பிறகு ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

கிராங்க்கைப் பிடிப்பது

அந்த மெக்கானிக் செய்ததை அப்படியே சொல்கிறேன். கிளட்ச் கவரைக் கழற்றிவிட்டால் ஃப்ளைவீலின் முகத்தில் அதன் போல்ட் துளைகள் தெரியும். சுமார் ஒரு மீட்டர் நீளமும் ஆறேழு மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு இரும்புப் பட்டையை எடுத்து, இரண்டு துளைகளுக்கு நேராக அதில் துளை போட்டு, ஃப்ளைவீலோடு சேர்த்து முடுக்க வேண்டும். கிளட்ச் கவரைப் பிடித்திருந்த அதே போல்ட்டுகள் போதும். ஒரு போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள், பட்டை அதில் சுழலும். இரண்டு வேண்டும்.

பட்டையின் மறுமுனை எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எஞ்சினின் முன்பக்கம், புல்லிக்கு எதிரே நில்லுங்கள். நீங்கள் போல்ட்டை இளக்கும்போது கிராங்க் இடது பக்கமாகக் கீழே சுழலப் பார்க்கும். ஆகவே பட்டை உங்கள் இடது கைப் பக்கமாக நீட்டிக்கொண்டு, அதன் நுனி தரையிலோ தரையில் வைத்த கட்டையிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். கிராங்க் எப்போது சுற்றப் பார்த்தாலும் பட்டை தரையை அமுக்கும், அதற்கு மேல் நகராது.

இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது, அது எனக்குப் பிடிபடக் கொஞ்சநாள் ஆனது. ஃப்ளைவீல் பல்லுக்கும் பிளாக்குக்கும் இடையில் எதையாவது செருகி நிறுத்தினால், முறுக்கு முழுதும் பிளாக்குக்குப் போகிறது, பிளாக் உருளப் பார்க்கிறது. என் எஞ்சின் சரிந்தது அதனால்தான். பட்டையைத் தரையில் ஊன்றினால் முறுக்கு கிராங்க் வழியாகப் போய், பட்டை வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். பிளாக்குக்கு உருள வேண்டிய காரணமே இல்லை. ஒருவர் எஞ்சினைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள ரிங் கியர் பல்லில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பல் உடைந்தால் ஸ்டார்ட்டர் அந்த இடத்தில் பிடிக்காது, பிளாக்கின் ஓரமும் அலுமினியமாக இருந்தால் துண்டாகப் பெயரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஃப்ளைவீலுக்குப் பதில் மெல்லிய தகடுதான் இருக்கும். அதை நெம்பவே கூடாது, வளைந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டீர்களா? கிராங்க்கின் பின்முனையில் ஃப்ளைவீல் போல்ட் துளைகள் இருக்கும். அதிலேயே இரண்டு போல்ட் போட்டுப் பட்டையை மாட்டலாம். சம்ப்பையும் எடுத்தாகிவிட்டது என்றால் கிராங்க்கின் எடைக்கட்டைக்கும் பிளாக்கின் உட்சுவருக்கும் நடுவில் ஒரு கெட்டியான மரத்துண்டை வைத்தும் நிறுத்தலாம். மரம்தான் வைக்க வேண்டும், இரும்பு வைத்தால் கிராங்க் கீறும். ஆனால் இந்த வழியில் பிளாக் உருளப் பார்க்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஃப்ளைவீல் பக்கம் போகவே முடியாதவர்களுக்குக் கயிறு வழி ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகப் பருத்திக் கயிற்றை சிலிண்டருக்குள் திணித்து, பிஸ்டன் மேலே வரமுடியாமல் தடுப்பது. இதைச் செய்கிறவர்கள் பலரும் பிஸ்டனைத் தப்பான இடத்தில் வைத்துவிடுகிறார்கள். இளக்கும்போது கிராங்க் பின்னோக்கிச் சுற்றுகிறது, அதாவது எஞ்சின் ஓடும் திசைக்கு எதிராக. அப்படிச் சுற்றும்போது பிஸ்டன் மேலே ஏற வேண்டும், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். ஆகவே கம்ப்ரெஷன் (வால்வுகள் மூடியபடி பிஸ்டன் மேலேறும் கட்டம்) முடிந்து உச்சியைத் தாண்டி, பிஸ்டன் பாதி தூரம் கீழே இறங்கிய நிலையில் நிறுத்திவிட்டுக் கயிற்றைத் திணியுங்கள். எதிர்த்திசையில் ஓடும் பழைய ஹோண்டாவுக்கு மட்டும் இது மாறும். அங்கே இளக்கும் திசையும் ஓடும் திசையும் ஒன்று, அதனால் உச்சிக்கு வரும் முன்பே, கம்ப்ரெஷனில் பாதி ஏறிய நிலையில் திணிக்க வேண்டும். கயிற்றின் முனை வெளியே நீளமாகத் தொங்கட்டும். வால்வுகளைக் கிராங்க்கோடு இணைத்து ஓட்டும் டைமிங் பெல்ட் இடத்தில் இல்லாத எஞ்சினில் இதை முயற்சி செய்யாதீர்கள். வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது, திறந்திருக்கும் வால்வின் மேல் கயிறு அமுங்கினால் வால்வு வளையும்.

எவ்வளவு நீளக் கைப்பிடி?

சின்ன பெட்ரோல் எஞ்சின்களில் இந்த போல்ட்டை 100 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கியிருப்பார்கள். பல வருடம் கழித்துக் கழற்றும்போது அதைவிட அதிகம் கேட்கும். 200 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கால் மீட்டர் நீளமுள்ள ராட்செட்டில் அதற்கு 80 கிலோ எடை அமுக்க வேண்டும். கைப்பிடியில் பைப்பைச் செருகி ஒரு மீட்டராக நீட்டினால் 20 கிலோ போதும். 80 கிலோவை அமுக்குகிறவரால் தன் கையைக் கட்டுப்படுத்த முடியாது, போல்ட் விட்டதும் விரல் முட்டி போய் பிளாக்கில் இடிக்கும். 20 கிலோவை நிதானமாக, எந்த நேரத்திலும் நிறுத்தக்கூடிய விதமாக அமுக்கலாம். பைப் போடுவது முரட்டுத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அளவோடு செய்தால் அதுதான் மென்மையான வழி.

ராட்செட் இதற்கு ஆகாது. உள்ளே இருக்கும் சின்னப் பல் இந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. பல் இல்லாத நீளக் கைப்பிடி வேண்டும், டூல்ஸ் கடையில் பிரேக்கர் பார் என்று கேளுங்கள். அரை இஞ்ச் டிரைவுக்குக் குறைந்து வாங்காதீர்கள். அதன்மேல் கனமான ஜி.ஐ. பைப்பைச் செருகலாம். சாக்கெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீள எக்ஸ்டென்ஷன் முறுக்கிக்கொள்ளும், பக்கவாட்டில் சாயும், சாக்கெட் போல்ட்டிலிருந்து நழுவும்.

அமுக்குவது

கைப்பிடியை உங்கள் இடது பக்கமாக, தரைக்குக் கிடையாக வையுங்கள். அதாவது ஃப்ளைவீல் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும் அதே பக்கம். அங்கிருந்து கீழ்நோக்கி அமுக்கினால் போல்ட் இளகும் திசை. வலப்பக்கம் வைத்து மேல்நோக்கித் தூக்கினாலும் அதே திசைதான், ஆனால் அப்போது எஞ்சினையும் சேர்த்துத் தூக்கப் பார்ப்பீர்கள்.

ஒரு கை சாக்கெட் இருக்கும் இடத்தை போல்ட்டோடு நேராக அணைத்துப் பிடிக்கட்டும். மற்றக் கை பைப்பின் நுனியில். முகம் கைப்பிடிக்கு நேர் மேலே வேண்டாம். இடுப்பு எடை மெல்ல இறங்கட்டும், குதிக்காதீர்கள்.

இனி உங்கள் கை சொல்வதைக் கேளுங்கள். முதல் சில டிகிரி பைப்பும் கைப்பிடியும் வில் மாதிரி வளையும், விட்டால் திரும்பி வரும். அது இயல்பு. அதற்குப்பின் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், சில சமயம் துப்பாக்கி வெடித்தது போலப் பெரிதாகவே கேட்கும். புதியவர்கள் போல்ட் உடைந்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். பயப்படாதீர்கள், தலைக்கு அடியில் இருந்த உராய்வு விட்ட சத்தம் அது. சத்தத்துக்குப்பின் கொஞ்சம் பலத்திலேயே போல்ட் சீராகச் சுற்றினால் வேலை முடிந்தது.

சத்தமே இல்லாமல், கைப்பிடி மட்டும் மிட்டாய் இழுபடுவது போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். வளைந்தது திரும்பி வராமல் அங்கேயே நின்றாலும் நிறுத்துங்கள். போல்ட்டின் உடல் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது அல்லது தலை மழுங்குகிறது. சாக்கெட்டை எடுத்துவிட்டுத் தலையைப் பாருங்கள். இந்த இரண்டு உணர்வையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் எந்த போல்ட்டிலும் உங்களுக்கு அது உதவும். ராட்செட்டை வைத்து வெட்டி வெட்டி இழுத்தால் இந்த உணர்வு கைக்கு வரவே வராது.

இன்னும் அசையவில்லை என்றால்

போல்ட்டில் போடும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, தலைக்கும் வாஷருக்கும் நடுவே உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. மரையில் இன்னொரு பெரும்பங்கு. ஆகவே தலையின் நடுவில் பித்தளைத் தண்டை வைத்துச் சுத்தியலால் நேராக நாலைந்து அடி அடியுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கு அந்த அடி போகும். அதிர்வுதான் வேண்டும்.

துரு நீக்கும் ஸ்ப்ரே பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துருப்பிடித்த ஸ்டட்டுக்கு (தலையில்லாத போல்ட்) அது மருந்து, முந்தின நாள் ராத்திரியே அடித்து வைத்தால் மறுநாள் பலன் தெரியும். கிராங்க் போல்ட் பெரும்பாலும் துருவால் இறுகியதல்ல, முறுக்கால் இறுகியது. அதற்கு வாஷரைச் சுற்றி ஒருமுறை அடித்தால் போதும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

இம்பாக்ட் ரெஞ்ச் கிடைத்தால் கதை மாறும். அது நொடிக்குப் பலமுறை சின்னச் சின்ன அடியாகக் கொடுப்பதால், கனமான ஃப்ளைவீலோடு இருக்கும் கிராங்க் அந்த வேகத்துக்குச் சுற்ற நேரம் இல்லாமல் நின்றுவிடும். பிடிமானம் அரைகுறையாக இருந்தாலும் போல்ட் விடும். பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றில் ஓடும் கன் இருந்தால் எஞ்சினை அங்கே கொண்டுபோவதில் தப்பே இல்லை. ஆனால் அதற்குக் கறுப்பு நிறத்தில் வரும் இம்பாக்ட் சாக்கெட்டைத்தான் போட வேண்டும். பளபளக்கும் சாதாரண சாக்கெட் அதில் சிதறக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

சூடு கடைசி. மரை தானாக இளகாமலிருக்கச் சிவப்புப் பசை போட்டிருந்தால் சுமார் 250 டிகிரியில் அது இளகும், அலுமினியத்தில் மாட்டிய இரும்பு ஸ்டட்டுக்கும் சூடு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கிராங்க் முனையில் சூடு காட்டினால் அதன் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கருகும். புல்லியின் நடுவில் ரப்பர் வளையம் இருந்தால் அதுவும் போகும். இரண்டையும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள். ஸ்ப்ரே, பெட்ரோல், பிரேக் க்ளீனர் எதையாவது அடித்த இடத்தில் தீ வைக்காதீர்கள். பற்றிக்கொள்ளும், சில வகை க்ளீனரின் புகை நெஞ்சுக்கு மிகக் கெடுதல்.

தலை மழுங்கிவிட்டால் அதன்மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, ஆறியதும் ஸ்பானர் போடலாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே முறிந்துபோனால் நீங்களே துளை போட்டு எடுக்கப் பார்க்க வேண்டாம். துளை நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் கிராங்க்கின் மரை போகும். கிராங்க்கைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

போல்ட் வந்தபிறகு

ஃப்ளைவீல் பட்டையைக் கழற்ற அவசரப்படாதீர்கள், திரும்ப முடுக்கும்போதும் அதே பிடிமானம் வேண்டும். அப்போது பட்டை வலது பக்கமாக நீட்டி நிற்க வேண்டும், திசை மாறுவதால்.

புல்லி கையோடு வராவிட்டால் போல்ட்டை நாலைந்து மரை மட்டும் திரும்ப ஏற்றிவைத்து, புல்லியை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரின் நடுத்திருகு போல்ட்டின் தலையில் ஊன்றும்படி இழுங்கள். கிராங்க்கின் மரை சேதமாகாது. புல்லரின் கால்களை வெளி வளையத்தில் மாட்டாதீர்கள், ரப்பர் பிய்ந்து வரும். புல்லியில் மரைத்துளைகள் இருந்தால் அதற்குப் பொருத்தமான போல்ட் போட்டு இழுப்பதே சரி.

புல்லி வரும் நேரத்தில் கீழே ஒரு துணியை விரித்துவையுங்கள். கிராங்க்குக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு சின்னச் சாவி இருக்கலாம், விரல் நுனி அளவு இரும்புத்துண்டு, அரைவட்டமாகவோ நீளமாகவோ. அது சத்தமில்லாமல் விழுந்து கட்டைகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். எடுத்து, ஓரம் நசுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, போல்ட்டோடு ஒரே டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதிவையுங்கள்.